முதல் நாவலும் சொந்த ஊரும்

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்குத் தெற்கே, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளுக்கு அண்டையில் இருக்கிறது கிள்ளை. அவ்வூரிலிருந்து ஓர் இளைஞர் அண்மையில் நம்மிடம் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து தந்தார். முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நாவல். அவருடைய முதல் நாவல். படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்றார். இதனை வெளியிட யார் முன்வருவார் என்றும் கேட்டார். அவருடைய முதல் வேண்டுகோளை ஒரு வாரத்தில் நிறைவேற்றி விட்டோம். இரண்டாவதற்கு நேரான விடை நம்மிடம் இல்லை. ஆனால் அவ்வினாவைக் கையில் ஏந்திக்கொண்டு, நம் சமுதாயத்தில் இதற்குமுன் முதல் நாவல் எழுதியவர்கள் எவ்வழியாக அச்சுக்கு வந்தார்கள் என்று திரும்பிப் பார்த்தோம். அப்பார்வையில் தெரிந்த ஓர் உண்மையை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாவல் என்பது நமக்குப் புதிய வரவு. ஆனால் எழுதியவனுக்கும் ஏற்பவர்க்கும் இடையிலுள்ள தொலைவு புதியதன்று. கிள்ளையிலிருந்து வெள்ளாற்றைக் கடந்தால் பரங்கிப்பேட்டை. மஹ்மூது பந்தர் என்று நம் முன்னோர் வழங்கிய துறைமுகம். உமறுப் புலவரின் சீறாப்புராணம் நிறைவெய்தியதில் அவ்வூருக்குப் பங்குண்டு. வள்ளல் சீதக்காதி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருச்சரிதையைக் காப்பியமாகப் பாடுவிக்க விரும்பினார்; புலவரும் உரை கேட்டுப் பெறுவதற்காக சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடிச் சென்றார்; அவர்களோ முதலில் இசையவில்லை; புலவர் மனம் வருந்தித் திரும்பினார்; பின்னரே இசைவு கிடைத்தது; பரங்கிப்பேட்டைக்குச் சென்று ஆங்கிருந்த ஆலிமிடம் உரை பெற்றார் என்று மரபு கூறுகிறது. சீதக்காதி மறைந்த பின்னர் நூலைத் தொடர்வதற்குத் துணைநின்றவர் அவ்வூர் அபுல் காசிம் மரைக்காயர். அவருடைய பெயர் காப்பியத்துள் நன்றியோடு போற்றப்படுகிறது.

இவ்வரலாற்றை நாம் மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். அதிலுள்ள முதல் மறுப்பை மட்டும் விட்டுவிடுகிறோம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைப் பாடிய புலவருக்கே முதலில் கதவு திறக்கவில்லை என்பதை எழுதத் தொடங்குகின்ற இளைஞர் அறிந்திருப்பது நல்லது. அக்காப்பியமும் ஏடுகளிலிருந்து அச்சேறியது 1842-ஆம் ஆண்டில்தான். சேகனாப் புலவர் என்று அறியப்பெற்ற செய்கப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள் பிரதிகளைத் தேடிப் பரிசோதித்து அதனை அச்சிட்டிராவிடில் அது எத்தனை வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கும்? பாடியவர் ஒருவர், பொருள் தந்தவர் ஒருவர், அச்சிட்டவர் ஒருவர். ஒரு நூலுக்கு மூவர் வேண்டியிருந்தது.

இனி நாவலுக்கு வருவோம். மாயூரத்து முன்சீபு வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. அதற்கு ஆறாண்டுகளின் பின், 1885-இல், கண்டியில் வாழ்ந்த சித்தி லெப்பை அவர்களின் அசன்பே சரித்திரம் வெளிவந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் அது என்பர். தமிழின் இரண்டாம் நாவல் என்று கொள்வாரும் உளர். இராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் அதற்குப் பல்லாண்டு பிந்தியது. ஆக, தமிழில் நாவல் என்னும் வடிவம் நடைபழகிய நாளிலேயே நம்மவர் ஒருவர் அதைக் கைப்பிடித்து நடத்தியிருக்கிறார்.

சித்தி லெப்பை வழக்கறிஞர், கல்விக்காகப் பாடுபட்டவர், 1882-இல் முஸ்லிம் நேசன் என்னும் இதழைத் தொடங்கியவர். அச்சு என்பது அவருக்குத் தொலைவான பொருளன்று. எகிப்தில் புரட்சி செய்து தோல்வியுற்ற அறபி பாஷா 1883-இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பெற்று வந்து சேர்ந்ததும், அவரோடு சித்தி லெப்பைக்கு உண்டான நட்பும், முஸ்லிம்களின் நவீனக் கல்வி பற்றி இருவரும் கொண்ட கவலையும் யாவரும் அறிந்தவை. அசன்பே சரித்திரம் அந்தச் சூழலில் பிறந்தது. எகிப்தில் பிறந்த குழந்தை ஒன்று கவர்ந்து செல்லப்படுகிறது; இந்தியாவில் வளர்கிறது; கல்வியும் வீரமும் பெற்று மீண்டும் தன் குலத்தை அடைகிறது. வாசகனை இருக்கையில் இருத்தும் கதை. ஒழுக்கமும் கற்பிக்கும் கதை. ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்நாவலில் கண்டி இல்லை. ஆசிரியர் நாள்தோறும் நடந்த தெரு இல்லை. அவர் நீதிமன்றத்தில் கண்ட வழக்காளிகள் இல்லை. கதை கடல்கடந்து சென்றுவிட்டது.

இதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு சமுதாயத்தைத் தட்டியெழுப்ப விரும்பியவர் அதன் கண்முன் ஓர் உயர்ந்த உருவத்தை நிறுத்தினார். அதற்கு எகிப்து பொருந்தியது. எனினும் நம் முதல் நாவல் தன் ஊரை விட்டு வெளியே பிறந்தது என்னும் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த நூலுக்குச் செல்வோம்.

கிள்ளையிலிருந்து கடற்கரையோடு தெற்கே சென்றால் வருவது நாகூர். அங்கே 1917-இல் பிறந்தவர் சித்தி ஜுனைதா பேகம். மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பன்னிரண்டு வயதில் மணம், இளமையிலேயே கைம்மை. இந்நிலையில் வீட்டிற்குள் இருந்தபடியே படித்தார், எழுதினார். 1938-இல் அவருடைய முதல் நாவல் காதலா? கடமையா? நூலாக வந்தது. தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று அவரை இன்று போற்றுகிறோம். அந்நாளில் முஸ்லிம் பெண்ணொருத்தியின் பெயர் அச்சில் வருவதே பலருக்கு ஒவ்வாததாக இருந்தது. அத்தகைய நாளில் அந்நூலுக்கு மதிப்புரை வழங்கியவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள்.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். ஓலைச் சுவடிகளைத் தேடி ஊரூராக அலைந்து சங்க நூல்களை அச்சேற்றிய முதியவர், தமது எண்பத்து மூன்றாம் வயதில், நாகூரில் திரைக்குப் பின்னிருந்து எழுதிய இளம்பெண்ணின் கதையைப் படித்துப் பாராட்டினார். ஐயரவர்களின் சொல் அப்பெண்மணிக்குக் கேடயமாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கேடயம் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

நாவலைப் படித்தால் அதன் நடை நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. மூன்றாம் வகுப்பில் நின்றவர் எழுதிய தமிழா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் கதை நாகூரில் நிகழவில்லை. அரசும் அரியணையும் காதலும் கடமையும் மோதுகின்ற கற்பனை நிலத்தில் நிகழ்கிறது. ஆங்கிலத்தில் அந்தோணி ஹோப் 1894-இல் எழுதிய ஜெண்டாவின் கைதி என்னும் நாவலின் சாயல் இதில் உண்டென்பர். பன்னிரண்டு வயதில் மணமுடிந்து இளமையில் துணையிழந்த பெண்ணுக்குத் தன் வீட்டிலேயே எழுத எத்தனை இருந்திருக்கும்! அவர் அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் அது அச்சேறியிருக்குமா என்பதே நம் கேள்வி. அரண்மனையை எழுதியபோதே இத்தனை எதிர்ப்பு, அடுக்களையை எழுதியிருந்தால்?

அரை நூற்றாண்டு கழிகிறது. தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் வருகிறார். பள்ளியில் மலையாளம் பயின்றவர். திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்தவர். மலையாள எழுத்தில் எழுதிப் பிறர் துணையால் தமிழெழுத்தாக்கியவர். அவருடைய ஒரு கடலோர கிராமத்தின் கதை முதலில் முஸ்லிம் முரசு இதழில் தொடராக வந்தது. நூலாக வந்தது 1988-இல்.

இந்நாவலில்தான் நம் தெரு முதன்முதலாகத் தன் முழு உருவத்தோடு தமிழ் நாவலுக்குள் நுழைகிறது என்று சொல்லத் துணிகிறோம். வடக்கு வீட்டு அஹமது கண்ணு முதலாளியின் செல்வச் செருக்கும், அது சரிகின்ற விதமும், கடற்கரை ஏழைகளின் அச்சமும், தங்ஙளை நம்பி ஏமாறும் பேதைமையும், ஊருக்குள் ஆங்கிலப் பள்ளி வருவதை எதிர்க்கும் கூச்சலும் அதில் உள்ளன. அரபும் மலையாளமும் கலந்த அவ்வூர்ப் பேச்சுமொழி அப்படியே உள்ளது. அம்மொழி சிலருக்குத் தடையாக இருந்தது. இன்றும் தொடக்கப் பக்கங்களில் தடுக்கி விழுவோர் உண்டு. ஆனால் அதனைத் திருத்தியிருந்தால் அந்த ஊர் மறைந்திருக்கும். மீரானுக்கு 1997-இல் சாய்வு நாற்காலி நாவலுக்காகச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். விருதுக்குப் பின்னர் மகிழ்வது எளிது. முதல் நாவலுக்கு முதலில் இடங்கொடுத்தது ஒரு சமுதாய இதழ் என்பதையே நாம் பெரிதாக மதிக்கிறோம். தங்ஙளையும் முதலாளியையும் அவ்வாறு எழுதிய கதையை, அவர்களுடைய உறவினர்களே வாசகர்களாக இருக்கக்கூடிய ஓர் இதழில் மாதந்தோறும் அச்சிட ஆசிரியருக்கு நெஞ்சுரம் வேண்டும்.

அடுத்து நாம் காண்பது துவரங்குறிச்சி. சல்மா என்னும் புனைபெயரில் கவிதை எழுதிவந்த பெண்மணியின் முதல் நாவல் இரண்டாம் ஜாமங்களின் கதை, காலச்சுவடு பதிப்பகத்தின் வாயிலாக 2004-இல் வந்தது. பருவமெய்தியதோடு பள்ளி நின்றுபோனவர். வீட்டார் அறியாதபடி எழுதியவர். சித்தி ஜுனைதா நுழையாத அடுக்களைக்குள் இவர் நுழைந்தார். ராபியா என்னும் சிறுமியின் கண்வழியாகப் பெண்களின் உலகம் ஒன்று விரிகிறது. மாந்தர் மிகுதியால் எந்த வீடு யாருடையது என்று வாசகன் மயங்கும் இடங்கள் உண்டு; சில பகுதிகளைச் சுருக்கியிருக்கலாம். வெளிப்படையான பேச்சு நம் குடும்பங்களில் பலருக்கு ஒவ்வாது என்பதையும் அறிவோம். ஆயினும் அதில் வரும் பெண்களின் துயரம் பொய் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மில் யாரால் இயலும்?

இந்நான்கு நூல்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலனாகிறது. எகிப்திலிருந்து அரண்மனைக்கு, அரண்மனையிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து வீட்டின் உள்ளறைக்கு. 1885 முதல் 2004 வரை, ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில், நம் நாவல் நடந்துவந்த தொலைவு இதுதான். அது வீட்டை நெருங்க நெருங்க எதிர்ப்பும் கூடியிருக்கிறது. தொலைவிலுள்ளவர்களின் குறைகளைப் படிக்க நமக்கு மனத்தடை இல்லை. கதை நம் வாசலில் வந்து நிற்கும்போதுதான் இது அச்சிடத் தக்கதா என்று கேட்கிறோம். முதல் நாவலை வெளியிடுவதன் துன்பத்தைப் பணத்தின் துன்பம் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மை. மறுபாதி, ஊர் என்ன சொல்லும் என்னும் அச்சம்.

இப்போது கிள்ளை இளைஞரின் பிரதிக்கு வருவோம். அதனைப் படிக்கத் தொடங்கியபோது நாம் ஏமாற்றமே அடைந்தோம். முதல் அறுபது பக்கங்களில் ஊருக்குப் பெயரில்லை. ‘ஒரு கடற்கரைச் சிற்றூர்’ என்று தொடங்குகிறார். கதைத்தலைவன் வளைகுடா நாட்டிற்குச் சென்றுவிடுகிறான். அங்குள்ள மாளிகைகளும் சாலைகளும் நீளமாக வருணிக்கப்படுகின்றன. செய்தித்தாளில் படித்தவற்றைப் போலிருக்கின்றன. எழுதியவர் அந்நாடுகளைக் கண்டதில்லை என்று பின்னர் அறிந்தோம்.

ஆனால் நூற்றெண்பதாம் பக்கத்திற்குமேல் கதைத்தலைவனின் பாட்டியார் வருகிறார். அங்கே நடை மாறிவிடுகிறது. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காக அவ்வூர்க் கடற்கரைக்கு எழுந்தருளுவதும், செய்யிது ஷா ரஹ்மத்துல்லாஹ் சுத்தாரி அவர்களின் தர்காவைச் சார்ந்தோர் அதனை வரவேற்று மரியாதை செய்வதும் கிள்ளையில் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கம். பாட்டியாருக்கு அது ஒரு விழா நாள். வெளியூரில் படித்துத் திரும்பிய பேரனுக்கோ அது ஒரு கேள்வி. தீனுக்கு இது ஒக்குமா என்று அவன் கேட்கிறான். பாட்டியார் வாதிடவில்லை. ஊருக்கு வந்தவரை வாசலில் நின்று வரவேற்பது தம் வீட்டு வழக்கம் என்று மட்டும் சொல்கிறார். பேரன் அன்று பகல் முழுதும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அந்த மௌனத்தை இளைஞர் மூன்று பக்கங்களில் எழுதியிருக்கிறார். பாட்டி சொன்னது சரியென்றும் எழுதவில்லை, பேரன் கேட்டது தவறென்றும் எழுதவில்லை. அம்மூன்று பக்கங்களுக்காகவே இந்நாவல் வெளிவர வேண்டும் என்று கருதுகிறோம்.

அதைத் தொடர்ந்து 2004 திசம்பர் 26-ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்த காலைப்பொழுது வருகிறது. எம்.ஜி.ஆர். திட்டு முதலிய குப்பங்களிலிருந்து ஓடிவந்தவர்களுக்குப் பாட்டியார் உலையேற்றுகிறார். மாசி மகத்தைப் பற்றிய கேள்வியோடு வீட்டினுள் அடைந்துகிடந்த அதே பேரன் இப்போது வாசலில் நின்று சோறு பரிமாறுகிறான். ஆசிரியர் ஒரு சொல்லும் விளக்கவில்லை. விளக்கம் தேவையுமில்லை.

அவரை அழைத்து, ஊரின் பெயரை ஏன் மறைத்தீர் என்று கேட்டோம். முதலில் எழுதியபோது பெயர் இருந்ததாம். தந்தையார் படித்துவிட்டு, “எழுதினது எல்லாம் இருக்கட்டும், ஊர்ப் பெயரை மட்டும் எடுத்துவிடு, நாளைக்கு நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டும்” என்றாராம். பெயரை எடுத்ததும் ஊரையும் எடுக்க வேண்டியதாயிற்று. ஊரை எடுத்ததும் கதையை நிரப்ப வளைகுடா வந்தது. சித்தி லெப்பைக்கு எகிப்து எதற்குத் தேவைப்பட்டதோ அறியோம். இவ்விளைஞருக்கு வளைகுடா எதற்குத் தேவைப்பட்டது என்பது நமக்கு விளங்கிவிட்டது.

தந்தையாரை நாம் குறைகூற மாட்டோம். அவருடைய அச்சம் கற்பனையன்று. மக்களைக் கரையேற்ற வேண்டிய குடும்பத்தலைவர் அவர். நாமும் குற்றமற்றவர்கள் அல்லோம். பல்லாண்டுகளுக்கு முன் நம் மேசைக்கு வந்த கையெழுத்துப் பிரதிகளுள் ஒன்றை, சமுதாயத்திற்கு உகந்ததன்று என்னும் ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பியதுண்டு. பொய்யென்று நாம் அதைத் திருப்பவில்லை. உண்மையென்று தெரிந்ததனாலேயே திருப்பினோம். அதை எழுதியவர் பின்னர் எதுவும் எழுதியதாகத் தெரியவில்லை. இக்கட்டுரையை எழுதும்போது அவ்வரி நம் நினைவிலிருந்து அகலவில்லை.

இளைஞருக்கு நாம் சொன்னவை இவை. வளைகுடாப் பக்கங்களை நீக்கிவிடுக. நூல் நூறு பக்கம் குறையும், குறையட்டும். ஊரின் பெயரை மீண்டும் எழுதுக. ஊரின் பெயரைச் சொல்லுவது வேறு, உயிரோடிருக்கும் மனிதர் ஒருவரைச் சந்தியில் நிறுத்துவது வேறு. முன்னது இலக்கியத்தின் உரிமை. பின்னது புறம் பேசுதல், அதனை மார்க்கம் தடுத்திருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய எழுத்தாளனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தந்தையாருக்குத் திருத்திய பிரதியை மீண்டும் படித்துக் காட்டுக. அவர் இசையும்வரை அச்சகத்தின் பக்கம் செல்லற்க. அவரே முதல் வாசகர். அவரை வெல்லாத நூல் ஊரை வெல்லாது.

வெளியீட்டைப் பற்றி: அந்நாளில் ஆயிரம் பிரதிகளேனும் அச்சடித்துக் கட்டுக்கட்டாக வீட்டில் அடுக்கிவைத்துக் கடன்பட்டவர்கள் உண்டு. இன்று நூறு, இருநூறு என்று தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்திருக்கிறது. ஆதலால் அச்சிடுவது பெரிய தடையன்று. அதனாலேயே ஒரு புதிய தீங்கும் நேர்ந்திருக்கிறது. எவரும் படித்துத் திருத்தாமலே நூல்கள் அச்சாகி, நண்பர்களுக்கு இலவசமாக வழங்கப்பெற்று, ஓராண்டில் மறைந்துபோகின்றன. பணம் வாங்கிக்கொண்டு அச்சிட்டுத் தருவோர் பலர். பிரதியைப் படித்து, இந்த இயல் வேண்டாம் என்று சொல்லுகின்ற பதிப்பாசிரியர் சிலரே. அச்சிலரைத் தேடிச் செல்லுக. மறுத்தால் ஏன் மறுத்தார் என்று கேட்டறிக. உமறுப் புலவர் முதல் மறுப்புக்குப் பின்னர் உரை கேட்பதற்குத்தான் பரங்கிப்பேட்டைக்குச் சென்றார். ஏட்டை மூடிவைத்துவிட்டு ஊர் திரும்பவில்லை.

வாசகப் பெருமக்களுக்கும் ஒரு சொல். அபுல் காசிம் மரைக்காயரைப் போல ஒருவரே பொருள்தந்து காவியம் பாடுவிக்கும் காலம் போய்விட்டது. இக்காலத்து மரைக்காயர் யாரெனில், நூலை விலைகொடுத்து வாங்கும் இருநூறு குடும்பங்களே. நிக்காஹ் விருந்துக்கு நாம் செய்யும் செலவில் ஓர் அணுவளவு போதும். மணமக்களுக்கு வழங்கும் அன்பளிப்புகளுள் ஒரு நாவலும் இருக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் நெய்வேலியிலும் சென்னையிலும் புத்தகக் கண்காட்சி நடக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது நம்மவர் எழுதிய முதல் நூல் ஒன்றைக் கேட்டு வாங்குக. வாங்கியபின் படித்து, பிடிக்காவிடில் பிடிக்கவில்லை என்று எழுதியவருக்கே கடிதம் எழுதுக. நம் எழுத்தாளர்களை நாம் கண்டித்தது உண்டு, பாராட்டியது உண்டு; படித்துவிட்டு அவர்களோடு உரையாடியது மிகக் குறைவு.

கிள்ளை இளைஞர் பிரதியைத் திருப்பி எடுத்துச் சென்றிருக்கிறார். சென்ற வாரம் அவரிடமிருந்து ஓர் அஞ்சல் வந்தது. தந்தையார் மாசி மகப் பகுதியை இருமுறை படித்தாராம். தம் தாயார் உலையேற்றிய பானை அதைவிடப் பெரியது என்று திருத்தம் சொன்னாராம். ஊரின் பெயரைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

நாம் அதை நல்ல அறிகுறியாகவே கொள்கிறோம். நூல் வெளிவரும் நாளில், இன்ஷா அல்லாஹ், அதன் முதல் வரியில் கிள்ளை என்னும் சொல்லைத் தேடிப் பார்ப்போம்.